ஒற்றைப்படை

காலை ஏழு மணி.
வண்டியிலிருந்து சாமந்தித் தொட்டிகளை
இறக்கிக்கொண்டிருந்தோம் நானும் கஸ்பெரும்.
நவம்பர் முதல் தேதிக்கு இன்னும் மூன்று வாரம்.
அன்றைக்கு லூப்லினில்
இறந்தவர் ஒருவர் பாக்கியில்லாமல் பூ வேண்டும்.
கல்லறை வாசலில் கடை வைத்திருப்பவளுக்கு
அரை வருஷ வாடகை அந்த ஒரு நாள்.

அவள் வந்தாள், யாட்விகா.
ஐம்பத்தெட்டு இருக்கும். தபால் நிலையச் சீருடை.
"அடுத்த சனிக்கிழமை கல்யாணம், பூ பார்க்கணும்."
மகளுக்கா என்றேன்.
"எனக்கு."
கையுறையைக் கழற்றினேன்.

அக்டோபர் நல்ல மாதம் என்று சொல்லிவைத்தேன்.
எங்கள் மொழியில் அதன் பெயருக்குள்
ஒரு ரகரம் இருக்கிறது;
ரகரமில்லாத மாதத்தில் செய்த கல்யாணம் நிலைக்காதாம்.
"முதல் தடவை ஆகஸ்ட்" என்றாள்.
"அதிலும்தான் இருந்தது ரகரம்.
ஒன்பது வருஷம் தாங்கியது."

டேலியாவைக் காட்டினேன்.
திங்களிரவு விழுந்த உறைபனியில் பாத்தி முழுக்க
வெந்த கீரையாய்ச் சாய்ந்துவிட்டது.
வாளியில் முன்பே வெட்டிவைத்த ஐந்துதான் மிச்சம்,
ஒயின் காய்ந்த நிறத்தில்.
"மேடைக்குப் போகிறவள் மாதிரி இருக்கிறதே" என்றாள்.
குளிர்பெட்டியில் ரோஜா இருந்தது.
கடல் தாண்டி விமானத்தில் வந்தது,
வாசனையை மட்டும் சுங்கத்தில் பிடித்துக்கொண்டார்கள்.
அதை அவள் மூக்கருகே கொண்டுபோகக்கூட இல்லை.
ரோவன் பழக்கொத்து பிடித்திருந்தது.
வேலியோரத்து ஊதா ஆஸ்டரும் பரவாயில்லை.
ஆரஞ்சுக் காகிதக்கூடு போன்ற காயொன்றைக்
காதருகே ஆட்டிப் பார்த்துச்
சிரித்தாள், பிறகு திருப்பி வைத்தாள்.

"இவற்றோடு அது."

அவள் விரல் நீண்ட திசையில்
கஸ்பெர் தொட்டியோடு நின்றுவிட்டான்.

அது கல்லறைக்கு, அம்மா.

"தெரியும்.
மூன்று வருஷம் முன்னால், இதே வாசலுக்கு உள்ளே,
தம்பிக்கு விளக்கேற்ற வந்தேன்.
தீப்பெட்டி நனைந்திருந்தது. காற்று வேறு.
அடுத்த வரிசையில் மனைவிக்கு வந்திருந்தவர்
லைட்டர் கொடுத்தார். நிற்கவில்லை சுடர்.
தன் தொட்டியைத் தூக்கிக்
காற்றுக்குக் குறுக்கே பிடித்தார்.
வெள்ளைச் சாமந்தி, ஈர மண்ணோடு என்ன கனம்!
கை நடுங்கியது, தெரிந்தது எனக்கு.
விளக்கு நின்று எரியும்வரை
இறக்கி வைக்கவில்லை மனுஷன்."

பாதிரியார் என்ன சொல்வார்?
"தும்முவார். எந்தப் பூவானாலும் அவருக்குத் தும்மல்."

பத்தொன்பது வருஷமாய்ச் சாமந்தி விற்கிறேன்.
தலை எண்ணுவேன், மொட்டைப் பார்த்து விலை வைப்பேன்.
அன்றுதான் ஒன்றைக் கிள்ளி முகர்ந்தேன்.
கசப்பு. இலையை நசுக்கினால் இன்னும் கசப்பு.
கெட்டுப்போன எதன் வாசனையும் இல்லை அதில்.

வெள்ளிக்கிழமை மாலை கட்ட உட்கார்ந்தேன்.
இறந்தவர்களுக்கு இரட்டைப்படை,
இருப்பவர்களுக்கு ஒற்றைப்படை;
இங்கே பிறந்த எந்தக் குழந்தையும் அறிந்த கணக்கு.
பதினொரு வெள்ளைச் சாமந்தி, ஆஸ்டர்,
நடுநடுவே ரோவன் சிவப்பு.
நூலை இறுக்கும்போது
ஒன்றின் கழுத்து ஒடிந்தது.
பத்து.

புதிதாய் ஒன்று வெட்டக் கத்தியை எடுத்தேன்.
வாங்கிப்போக வந்து நின்றவள் தடுத்தாள்.
"ஒடிந்ததைக் கொடுங்கள்,
ஜெனோன் கோட்டில் குத்திவிடுகிறேன்.
ஆள் பக்கத்தில்தானே நிற்கப்போகிறார்,
சேர்த்து எண்ணிக்கொள்ளட்டும் ஊர்."

தள்ளுபடி தரவில்லை.
கல்யாணப் பூவுக்குக் கல்யாண விலை.

சனிக்கிழமை மழை. எனக்குக் கடை இருந்தது.

நவம்பர் ஒன்றாம் தேதி, அந்த நெரிசலில்,
ஒரே குடைக்குள் வந்தார்கள் இருவரும்.
இரண்டு தொட்டி, நான்கு விளக்கு.
பேரம் பேசினார் ஜெனோன்,
பழைய வாடிக்கை என்ற உரிமையில்.
மூன்று ஸ்வோட்டி குறைத்தேன்.
அதற்குமேல் விடவில்லை.